புதுக் காடியும் ஏழாம் நாள் உபயமும்



போன மாதம் சமய வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு தம்பி மெல்லப் பக்கத்தில் வந்தார். "அண்ணே, வேலை கன்ஃபர்ம் ஆயிருச்சு. காடி எடுக்கலாம்னு இருக்கேன். லோக்கல் எடுக்கட்டுமா, இல்ல கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு வெளிநாட்டுக் காடியே எடுத்துறட்டுமா?" என்றார். அருகில் நின்ற தங்கை ஒருவர், "இதெல்லாம் சமய வகுப்புல கேக்குற கேள்வியா?" என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டோம். நானும்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் யோசித்தேன். புதுக் காடி எடுத்தால் நாம் முதலில் எங்கே கொண்டு போகிறோம்? கோயிலுக்குத்தானே? மாலை போட்டு, குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஐயருக்குத் தட்சணை கொடுத்து, சாவியை சாமி காலடியில் வைத்து வாங்குகிறோம். ஆயுத பூசைக்கும் அதைக் கழுவித் துடைத்துப் படையல் போடுகிறோம். சாமிக்கு முன்னால் நிறுத்துகிற பொருளைப் பற்றி சமய வகுப்பில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? அதனால் இந்த மாதப் பாடம் இதுதான். தம்பிக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

முதலில் உபயம். நம் கோயில் திருவிழாப் பத்திரிகையைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் இன்னார் குடும்பம், இரண்டாம் நாள் இன்ன தாமான் மக்கள் என்று ஒவ்வொரு நாளுக்கும் உபயக்காரர் பெயர் இருக்கும். இப்போது நாம் 'ஸ்பான்சர்' என்று சொல்வதற்கு நம்மவர்கள் வைத்திருந்த சொல் அதுதான். 'உபயம்' என்றால் இரண்டு என்றும் ஒரு பொருள் உண்டு. கொடுப்பவர், பெறுபவர் ஆகிய இருவருக்கும் ஆகிற காரியம் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். இந்த நாட்டில் நம் பழைய கோயில்களில் உபயம் பெரும்பாலும் தொழிலை ஒட்டி அமைந்தது. ரயில்வேயில் வேலை செய்தவர்கள் ஒரு நாள், துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் ஒரு நாள், தோட்டத்து ஆட்கள் ஒரு நாள். பணக்காரர் ஒருவர் செக் எழுதிக் கொடுத்து நடந்த விழாக்கள் குறைவு. சம்பள நாளன்று ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துச் சேர்த்த காசில் நடந்தவைதான் அதிகம்.

எங்கள் கோயிலில் ஏழாம் நாள் உபயம் ஒரு கார் சீட் தொழிற்சாலை ஊழியர்களுடையது. கம்பனியின் உபயம் அல்ல, ஊழியர்களின் உபயம். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். என் சித்தப்பாவும் அதில் ஒருவர். மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார்கள். பிறகு பேங்க் கணக்கு திறந்தார்கள், ஆனாலும் அதன் பெயர் 'டின்' தான். "டின்ல எவ்வளவு இருக்கு?" என்றுதான் சித்தப்பா கேட்பார். அந்தக் காசில் ஏழாம் நாள் அபிஷேகம், அன்னதானம், நாதஸ்வரம் எல்லாம் நடக்கும். மீதி இருந்தால் நம் தேவார வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் பரிசும் கிடைக்கும். நான் சின்ன வயதில் வாங்கிய முதல் பரிசு (ஒரு வாட்டர் பாட்டில்) அந்த டின் காசுதான். அப்போது அது எனக்குத் தெரியாது.

இந்த சீட் தொழிற்சாலை எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கார் கம்பனி எல்லா உதிரிப்பாகத்தையும் தானே செய்வதில்லை. சீட் ஒரு இடம், பம்பர் ஒரு இடம், வயரிங் ஒரு இடம், புகைக்குழாய் ஒரு இடம் என்று வெளித் தொழிற்சாலைகளில் வாங்குகிறது. இவர்களை 'வெண்டர்' என்பார்கள். இவர்கள் மாதக்கணக்கில் சரக்கை அடுக்கி வைப்பதில்லை. இன்றைக்கு எத்தனை கார், எந்த நிறம், எந்த மாடல் என்று கார் கம்பனி சொல்ல, அதற்கேற்ற சீட் அன்றன்றைக்கு லாரியில் ஏறிப் போக வேண்டும். அதனால் கார் விற்பனை கூடினால் முதலில் கூடுவது இவர்களுடைய ஓவர்டைம். குறைந்தால் முதலில் குறைவதும் அதுதான். எங்கோ ஒரு ஷோரூமில் நாம் கையெழுத்துப் போடுகிறோம். கொஞ்ச நாள் கழித்து ஒரு ஷிப்டில் இருப்பவருக்குச் சனிக்கிழமை வேலை கிடைக்கிறது. அடிப்படைச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். பிள்ளையின் டியூஷனும் டின்னில் போடும் பத்து வெள்ளியும் ஓவர்டைம் காசில் வருபவை.

இது எவ்வளவு உண்மை என்பதை 2020-இல் பார்த்தோம். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தொழிற்சாலைகள் மூடின, ஷோரூம்களும் மூடின. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மலேசியா முழுக்க விற்ற புதுக் கார்கள் எத்தனை தெரியுமா? 141. ஆயிரத்தில் இல்லை, வெறும் நூற்று நாற்பத்தொன்று. சாதாரண காலத்தில் ஒரு மாதத்துக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று விற்கும் நாடு இது.

சித்தப்பா வீட்டில் அந்த மாதம் எப்படி இருந்தது என்று நான் விவரிக்கப் போவதில்லை. உங்களில் பல பேர் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். டின் என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் இருந்த ஆட்களை முதலில் நிறுத்தினார்கள். பர்மனென்ட் ஆட்களுக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும். சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் டின் கணக்கைத் திறந்து, வேலை போனவர்கள் வீட்டுக்கு அரிசி, எண்ணெய், பால் மாவு என்று வாங்கிக் கொடுத்தார்கள். சாமி காசை எடுக்கலாமா என்று ஒரு பெரியவர் ஆட்சேபித்தாராம். "சாமிக்கு இந்த வருஷம் திருவிழாவே இல்லியே, அவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்று சித்தப்பா பதில் சொன்னாராம். பல வருடமாகச் சேர்ந்த காசு மூன்று மாதத்தில் கரைந்தது.

அந்த ஜூன் மாதம் அரசாங்கம் கார்களுக்கு விற்பனை வரிச் சலுகை அறிவித்தது. உள்நாட்டில் பொருத்தப்பட்ட கார்களுக்கு வரி முழுக்க விலக்கு. முழுதாகச் செய்து இறக்குமதியாகும் கார்களுக்குப் பாதிதான் விலக்கு. ஏன் இந்த வித்தியாசம்? உள்ளூரில் செய்த ஒரு கார் விற்றால் அதற்குப் பின்னால் சீட்காரர், பம்பர்காரர், லாரிக்காரர், தொழிற்சாலைக் கேண்டீன் அக்கா என்று ஒரு வரிசையே நகரும். முழுதாக வந்து இறங்கும் காருக்கு அந்த வரிசை வேறொரு நாட்டில் இருக்கிறது. மக்கள் கார் வாங்க ஆரம்பித்தார்கள், ஓவர்டைம் திரும்பியது. 2021 ஜூனில் மறுபடியும் தொழிற்சாலைகளை மூடினார்கள். ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பிறகு 2022-இல் விற்பனை 7 இலட்சத்தைத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது.

இப்போது என் கதை. கொஞ்சம் வெட்கமான கதை.

2022-இல் கோயில் திருவிழா சிறிய அளவில் மறுபடி நடத்த முடிவானது. நான் அப்போது இளைஞர் பகுதிச் செயலாளர். பட்டியலைப் பார்த்தால் ஏழாம் நாளுக்கு எதிரே காலி. டின்னில் காசு இல்லை, அவர்களால் இந்த வருடம் முடியாது என்றார் சித்தப்பா. சரி, கம்பனி ஸ்பான்சர் பிடிப்போம் என்று நான் கிளம்பினேன். ஃபைல், கடிதம், போன வருடப் படங்கள் எல்லாம் தயார் செய்துகொண்டு, எங்கள் டவுனில் உள்ளூர்க் கார் விற்கும் ஒரு ஷோரூமுக்குப் போனேன். முதலாளி நம்மவர். மரியாதையாக உட்கார வைத்து, கோப்பி ஆர்டர் செய்து, கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். அங்கே நின்றது என் காடி. அதற்கு முந்தின வருடம் நான் ஆசை ஆசையாக எடுத்த ரீகண்ட் காடி, ஜப்பானில் ஓடி, கப்பலேறி வந்தது.

"அது தம்பி காடியா?"

"ஆமாண்ணே."

"நல்ல காடி." ஒரு மடக்கு கோப்பி குடித்தார். "உங்க இளைஞர் பகுதியில எத்தனை பேரு? நாப்பது பேரு இருப்பீங்களா? அதுல எத்தனை பேரு எங்கிட்ட காடி எடுத்திருக்கீங்க? சும்மா கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் ஐந்நூறு வெள்ளி கொடுத்தார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் வெளியே வந்து அந்தக் காடியின் கதவைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் கேட்டது நியாயமா? பாதி நியாயம் என்று நினைக்கிறேன். கோயில் நன்கொடையும் வியாபாரமும் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடக் கூடாது. 'என்னிடம் கார் வாங்கினால்தான் உபயம்' என்றால் அது உபயம் அல்ல, தள்ளுபடி. அந்தப் பாதியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறு பாதி குத்தியது. நான் யாரிடம் கை நீட்டுகிறேனோ, அவர்களுடைய பிழைப்பைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் என் காசை வேறு பக்கம் அனுப்பியிருக்கிறேன். ஷோரூம் முதலாளியைக்கூட விடுங்கள். என் சித்தப்பா சீட் தைக்கிறவர்! வீட்டிலேயே ஆள் இருக்க, காடி எடுத்தபோது ஒரு தடவையாவது அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்ததா? வரவில்லை. நிறமும் சவுண்ட் சிஸ்டமும்தான் ஞாபகம் வந்தன.

திருக்குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். ஊரோடு சேர்ந்து வாழத் தெரிந்தவனின் செல்வத்தை ஊர் குடிக்கும் குளத்துக்கும், ஊர் நடுவே பழுத்த மரத்துக்கும் ஒப்பிடும் அதிகாரம். நாம் வகுப்பில் அதைப் படிக்கும்போது 'பணக்காரர் தர்மம் செய்ய வேண்டும்' என்று சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவோம். எனக்கு இப்போது வேறொரு கேள்வி வருகிறது. குளம் இருக்கிறது சரி, அதில் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது? வாய்க்காலை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டு, குளத்தங்கரையில் குடத்தோடு நிற்பதா? எங்கள் ஏழாம் நாளுக்கு வாய்க்கால் அந்த சீட் லைன்தான்.

பெரிய கம்பனிகளின் ஸ்பான்சர் வேறு விதம். பெரோடுவா பெயரில் மலேசிய மாஸ்டர்ஸ் பூப்பந்துப் போட்டி நடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டியில் புரோட்டோன் பெயர் இருந்தது. நல்ல காரியம்தான், ஆனால் அந்தப் பதாகையின் நிழல் நம் தாமான் வரைக்கும் நீளாது. நம் அன்னதானத்துக்கு வருவது உள்ளூர் ஷோரூம், வர்க் ஷாப், டயர் கடை ஆகியவற்றின் விளம்பரக் காசு. அதைவிட அதிகமாக வருவது சம்பளக்காரர்களின் பத்து வெள்ளி. சிறப்பு மலரில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தவர் பெயர் பெரிதாகத் தெரியும், டின் தெரியாது. நம் கோயில் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எது கூட என்று தெரியும். எங்கள் நோட்டை நான் பார்த்துவிட்டேன்.

சரி, 'உள்நாட்டுக் காடி' என்றால் எது? இங்கேதான் நம்மில் பல பேர் தப்புக் கணக்குப் போடுகிறோம். 1983-இல் புரோட்டோன் நிறுவப்பட்டு, 1985-இல் முதல் சாகா ஷா ஆலாமிலிருந்து வெளிவந்தது. பெரோடுவா 1993-இல் தொடங்கி, 1994-இல் கஞ்சிலை விட்டது. இவை இரண்டும்தான் உள்ளூர், மற்றதெல்லாம் வெளிநாடு என்று அப்பா காலத்துக் கணக்கு. 2024-இல் நாட்டில் விற்ற 8 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களில் பெரோடுவா மட்டும் மூன்றரை இலட்சத்தைத் தாண்டியது. அதனால் அந்தக் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் முழுக்கச் சரியும் இல்லை.

போன வாரம் வகுப்புப் பிள்ளைகளோடு கோயில் கார் பார்க்கில் ஒரு சின்னச் சோதனை செய்தோம். புதிய கார்களில் 17 எழுத்து, எண் கொண்ட சேஸிஸ் நம்பர் ஒன்று இருக்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கண்ணாடியின் கீழ் மூலையிலோ தெரியும். அதன் முதல் எழுத்துகளே எந்த நாட்டில் செய்தது என்று சொல்லிவிடும். மலேசியா என்றால் 'பி' யில் ஆரம்பித்து, இரண்டாவது எழுத்து 'எல்' முதல் 'ஆர்' வரைக்குள் இருக்கும். ஜப்பான் 'ஜே', சீனா 'எல்', தாய்லாந்து 'எம்'. பிள்ளைகள் ஓடி ஓடிக் குறித்தார்கள். (உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். ஒரு மாமா எங்களைத் திருடர்கள் என்று நினைத்துவிட்டார்.) 'வெளிநாட்டுக் காடி' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் ஹோண்டா, மலாக்கா அலோர் காஜாவில் செய்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டொயோத்தாவுக்குக் கிள்ளான் புக்கிட் ராஜாவில் தொழிற்சாலை இருக்கிறது. மெர்சிடிஸ்கூட பஹாங் பெக்கானில் பொருத்தப்படுகிறது. கெடா கூலிமில் மஸ்டாவும் பி.எம்.டபிள்யூ.வும் பொருத்துகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. புரோட்டோனின் எக்ஸ்70 2018 டிசம்பரில் வந்தபோது, நெற்றியில் புலிச் சின்னம் இருந்தாலும் முழுதாகச் சீனாவில் செய்து வந்த கார் அது. அதற்குப் பிறகுதான் தஞ்சோங் மாலிமில் பொருத்த ஆரம்பித்தார்கள். ஆகப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தகட்டைப் பாருங்கள். அதற்கும் மேலே போக விரும்பினால், பாகங்களில் எவ்வளவு உள்ளூர் வெண்டர்களிடம் வாங்கியது என்று சேல்ஸ்மேனிடம் கேளுங்கள். பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்து இங்கே வெறும் திருகு மட்டும் முடுக்குவதும், சீட்டும் பம்பரும் இங்கேயே செய்வதும் ஒன்றல்ல. சித்தப்பாவுக்கு வேலை இரண்டாவதில்தான்.

வகுப்பில் இதைச் சொன்னபோது கேள்விகள் வந்தன. தொழிற்சாலை லைனில் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் நிறைய நிற்கிறார்களே, நமக்கு என்ன வந்தது என்றார் ஒருவர். உண்மைதான், நிற்கிறார்கள். அவர்களும் உழைப்பாளிகள்தான். சித்தப்பா லைனில் உள்ள நேப்பாளத் தம்பிகள் ஏழாம் நாள் வந்து வரிசையில் நின்று சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்னொருவர், இறக்குமதிக் கார் விற்பவரும் நம்ம ஆள்தானே, அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கும் நம்ம ஆள்தானே என்றார். அதுவும் சரி. அதன் வரியும் நம் அரசாங்கத்துக்குத்தான் போகிறது. இறக்குமதிக் கார் வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. என்னுடையது இன்னும் வாசலில்தான் நிற்கிறது, கடன் மூன்று வருடம் பாக்கி.

பாதுகாப்பில் குறைந்த கார், குடும்பத்துக்குப் பொருந்தாத கார் இவற்றை 'சமுதாயத்துக்காக' என்று யாரும் வாங்க வேண்டாம். நல்ல காரைச் செய்யும் பொறுப்பு கம்பனிக்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் கடமை நமக்கு இல்லை. ஆனால் நம் இளைஞர்கள் நிறைய பேர் ஒன்பது வருடக் கடன் போட்டு, சம்பளத்தில் பாதியைக் காடிக்கே கட்டுகிறார்கள். இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. அப்படிக் கட்டுகிறவர் கையில் வீட்டுக்கும் மிஞ்சாது, கோயிலுக்கும் மிஞ்சாது. எந்த நாட்டுக் காடியாக இருந்தாலும் சரி, டின்னுக்குப் பத்து வெள்ளி போட முடியாத அளவுக்கு ஒரு காடி எடுத்தால் அது நமக்குப் பெரிய காடி.

தம்பி, உங்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் பட்ஜெட்டில் இரண்டு மூன்று கார் பொருந்தினால், தரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், இங்கே செய்ததை எடுங்கள். முடிந்தால் நம் டவுன் ஷோரூமிலேயே எடுங்கள். எடுத்த பிறகு தள்ளுபடியோ ஸ்பான்சரோ கேட்காதீர்கள். நம் கோயில் விழாவுக்கு வாருங்கள் என்று அந்தச் சேல்ஸ்மேனைக் கூப்பிடுங்கள். பூசைக்குக் கொண்டுவரும்போது பின் சீட்டின் அடியில் கையை விட்டுத் தையலைத் தொட்டுப் பாருங்கள். அதைத் தைத்தவர் அன்னதான வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கலாம்.

2023-இல் ஏழாம் நாள் திரும்பவும் அவர்களிடமே போனது. முன்பு நாற்பது பேருக்கு மேல் இருந்தவர்கள் இருபத்தாறு பேர்தான், ஆனாலும் டின் மறுபடி திறந்தது. சித்தப்பாவுக்கு அடுத்த வருடம் ஓய்வு. பிஸ்கட் டின்னை யாரிடம் கொடுப்பது என்று இப்போதே பேச்சு நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் பிள்ளை ஒருவர், வயது 22, "நான் பாத்துக்கிறேன் மாமா, ஆனா இ-வாலட்லதான் வசூல் பண்ணுவேன்" என்று சொல்லியிருக்கிறாராம். சித்தப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டுக் காடியின் சேஸிஸ் எண்ணில் முதல் மூன்று எழுத்தையும், உங்கள் கோயில் உபயப் பட்டியல் ஒன்றையும் எடுத்து வாருங்கள்.